தோற்றுக்கொண்டிருக்கும் கல்லூரி உதைபந்தாட்ட அணியைப் புதிய கோச் எடுக்கும்போது

ஒவ்வொரு தோல்விக்கும் பதினொருவரை மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள். கோல் காப்பாளரும் பின்கள நால்வரும் குறைந்தது நான்கு ஆட்டங்களுக்கு அப்படியே நிற்கட்டும். பக்கத்தில் நிற்பவன் எப்போது ஏறுவான், எப்போது நிற்பான் என்பது சேர்ந்து ஆடினால்தான் பிடிபடும்.

ஒரு கொப்பி வையுங்கள். வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் நிமிடம், பந்து பறிபோன இடம், கோர்னரா ஃப்ரீ கிக்கா ஓட்டத்தில் வந்ததா என்று எழுதுங்கள். ஆறேழு கோல் சேர்ந்ததும் நோய் தெரிந்துவிடும்.

கடைசி இருபது நிமிடத்தில் குவிந்தால் மூச்சுப் போதவில்லை. பயிற்சி முடிவில் 40 மீற்றர் வேக ஓட்டம் எட்டு, இடையிடையே 30 விநாடி ஓய்வு, வாரம் இருமுறை. ஆட்டத்துக்கு முந்தைய நாள் வேண்டாம்.

சொந்தப் பெனால்டி எல்லைக்குள் பந்து பறிபோகிறதென்றால் குற்றம் பெரும்பாலும் கோச்சுடையது. 2019 விதி மாற்றத்துக்குப் பிறகு கோல் கிக்கை எல்லைக்குள் நிற்கும் தன் ஆளுக்கே கொடுக்கலாம். தொலைக்காட்சியில் அழகாகத்தான் இருக்கும். தென்மேற்குப் பருவமழையில் இலங்கை மலையகத்தின் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்ட மைதானத்தில் பந்து தண்ணீரில் நின்றுவிடும், எதிரணி முன்கள வீரன் அதற்காகவே காத்திருப்பான். நீளமாக, எப்போதும் ஒரே பக்கக் கோட்டை நோக்கி அடிக்கச் சொல்லுங்கள். விழும் இடத்தைச் சுற்றி இருவர் இருக்கவேண்டும். கோல் கிக்கை நேரடியாக வாங்குபவனுக்கு ஓஃப்சைட் கிடையாது, அதனால் ஒருவனைத் துணிந்து மேலே நிறுத்தலாம்.

சீக்கிரம் திருத்தக்கூடியது கோர்னரில் விடும் கோல். பந்து வரும் பக்கத் தூணில் ஒருவன். கோலிலிருந்து 5.5 மீற்றர் கோட்டில் உயரமான நால்வர். எதிரணியின் தலையடிக்காரரைப் பிடிக்க மூவர். எல்லைக்கு வெளியே சிதறும் பந்துக்கு ஒருவன், நடுக்கோட்டருகே ஒருவன். அவனுக்காக எதிரணி இருவரைப் பின்னே வைக்கும். கோல் காப்பாளர் நனைந்த பந்தைக் கூட்டத்துக்குள் பிடிக்கப் போனால் நழுவும். இரு கை முட்டிகளாலும் பக்கக் கோட்டுப் பக்கம் குத்தவேண்டும். இதற்குப் பந்தை வாளித் தண்ணீரில் முக்கிப் பயிற்சி கொடுங்கள். கையுறையையும் ஆட்டத்துக்கு முன் லேசாக நனைக்கவேண்டும், காய்ந்த லேடெக்ஸ் பிடிக்காது.

டொஸ் வென்றால், சரிவான மைதானத்தில் முதற்பாதியில் கீழ்நோக்கி ஆடுங்கள். பின்னேரம் மழையிறங்கிச் சேறானால் சரிவால் அவ்வளவு பயனில்லை. பந்தின் காற்றழுத்தத்தை மைதானத்தில் வைத்தே அளவிடுங்கள். விதி 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை அனுமதிக்கிறது, ஈரத்தில் 0.7 அளவு போதும். கொழும்பில் காற்றடித்த பந்து 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் இறுகித் துள்ளும், அங்கே வெளியழுத்தம் குறைவு.

பயிற்சியைக் கடைசி பஸ்ஸுக்கு அரைமணி முன்பே முடியுங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இருட்டில் நடக்கவேண்டிவந்தால் பிள்ளைகள் மெல்ல மெல்ல நின்றுவிடுவார்கள், பிறகு பதினொருவரைச் சேர்ப்பதே பெரும்பாடு.