நகரத்தில் எடுப்பார்கள், புறநகரில் எடுக்க மாட்டார்கள்: மறுசுழற்சித் தொட்டியில் எதைப் போடுவது?

நகரத்துக்குள் தாள், பாட்டில், டப்பா எல்லாம் ஒரே தொட்டியில் போகும். புறநகருக்குக் குடிபோனதும் அதே கண்ணாடி பாட்டிலைத் தொட்டியோடு விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பாட்டில் அதேதான், லாரி கொண்டுபோய்க் கொட்டும் பிரிப்பு ஆலைதான் வேறு.

படி 1: உங்கள் தெருவுக்கு வண்டி விடுவது யார்? முகவரியில் நகரத்தின் பெயர் இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எதையெல்லாம் எடுப்போம் என்று வரி ரசீதிலுள்ள உள்ளாட்சி தரும் பட்டியல்தான் செல்லும். பட்டியலில் தேதியையும் பாருங்கள். செயலிகளைவிடத் தொட்டி மூடியில் ஒட்டிய தாளே மேல்.

படி 2: ஒரே தொட்டியா, தனித்தனியா? ஒரே தொட்டி என்றால் பாட்டிலை நசுக்கித் தட்டையாக்காதீர்கள். பல ஆலைகளில் சுழலும் தட்டுகள் தட்டையானதைத் தாள் பக்கமும் உருண்டையானதை டப்பா பக்கமும் தள்ளும். நசுங்கிய பாட்டில் தாளோடு போய்விடும். அட்டைப்பெட்டியை மட்டும் பிரித்துத் தட்டையாக்கியே போட வேண்டும்.

படி 3: பிளாஸ்டிக் பொருளில் முக்கோணக் குறிக்குள் அச்சிட்டிருக்கும் எண். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். 1988-இல் வந்த இந்த எண் பிளாஸ்டிக் எந்த வகை என்று மட்டும் சொல்கிறது. 'எடுப்போம்' என்ற உத்தரவாதம் அதில் இல்லை. 1, 2 எண் பாட்டில்களைப் பெரும்பாலும் எல்லா இடத்திலும் எடுப்பார்கள். 5-ஆம் எண் டப்பா ஊருக்கு ஊர் மாறும். 3, 6 எடுப்பது அபூர்வம்.

எண்ணோடு வடிவத்தையும் பாருங்கள். பாட்டிலிலும் 1 இருக்கும், பழம் அடைத்து வரும் ஒளி ஊடுருவும் பெட்டியிலும் 1 இருக்கும். பாட்டில் ஊதி வார்த்தது, பெட்டி தகட்டை அழுத்தி வார்த்தது; உருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. அதனால்தான் சில பட்டியல்களில் 'பாட்டில், ஜாடி மட்டும்' என்று இருக்கும். கறுப்புத் தட்டு இன்னும் மோசம். அதிலுள்ள கரி நிறமி அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடுவதால் பிரிக்கும் கருவிக்கு அது தெரியவே தெரியாது.

படி 4: கண்ணாடி. கலந்து போட்டால் உடைந்து, சில்லு தாளில் ஏறித் தாளையும் கெடுக்கும். அதனால் சில இடங்களில் தனித் தொட்டி, சில இடங்களில் நாமே கொண்டுபோய்ப் போட வேண்டும்.

படி 5: எந்த ஊரானாலும் பையில் கட்டிப் போடாதீர்கள் (உள்ளூர் விதியே பை கேட்டால் தவிர). பை சுழலும் தண்டில் சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆள் இறங்கிக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். லித்தியம் பேட்டரியும் கூடாது, லாரி அமுக்கும்போது தீப்பிடிக்கும்.

பின்சேர்க்கை: அடுக்குமாடியில் இருப்பவர்கள் படி 1-ஐ இன்னொரு முறை பாருங்கள். பல குடியிருப்புகளில் குப்பையை எடுப்பது சங்கம் அமர்த்திய தனியார் வண்டி. எதிர்வீட்டுக்குப் பொருந்தும் நகரப் பட்டியல் உங்களுக்குப் பொருந்தாது. சங்கச் செயலாளரிடம் ஒப்பந்ததாரரின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.