பத்து நிமிடம், ஒரு பாய்: தனி ஜெபத்தைத் தொடங்குவது எப்படி?

"தினமும் ஜெபம் பண்ணணும்" என்று சபையில் கேட்காத கிறிஸ்தவர் இல்லை. எப்படி என்று உட்காரவைத்துச் சொல்லித் தருகிறவர்கள்தான் குறைவு. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் ஒரு டிசம்பரில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனேன். மலையில் தனியாக உட்கார்ந்தால் ஜெபம் தானாக வரும் என்று நினைப்பு. பகோடா பாயிண்டில் ஒரு பாறைமேல் கண்ணை மூடினால், தறி நூலுக்குத் தர வேண்டிய பாக்கிதான் மனதில் ஓடியது. கண்ணைத் திறந்தபோது பையிலிருந்த பிஸ்கட்டைக் குரங்கு கொண்டுபோயிருந்தது.

நான் ஜெபிக்கப் பழகியது கீழே, சேலம் கொண்டலாம்பட்டியில், தறிச்சத்தத்துக்கு நடுவில்தான். பழகிய விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் நேரம்

நாளையிலிருந்து நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பேன் என்று சபதம் போடாதீர்கள். மூன்றாம் நாள் தூங்கிவிடுவீர்கள், நாலாம் நாள் குற்ற உணர்வு வந்துவிடும். பத்து நிமிடம் போதும். பால் வாங்கி வைத்ததும், குளித்ததும் என்று தினமும் தவறாத ஒரு வேலையோடு அதை முடிச்சுப் போடுங்கள். நைட் ஷிப்ட் ஆட்களுக்கு வேலை முடிந்து வந்ததும்தான் காலை. அதுவும் சரிதான்.

அடுத்தது இடம்

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்கிறது மத்தேயு 6:6. ஒற்றை அறை வீட்டில் எந்தக் கதவைப் பூட்டுவது? முந்தின வசனத்தைப் பாருங்கள்: மனுஷர் காணும்படி வீதிகளின் சந்திகளில் நின்று ஜெபிக்கிறவர்களைப் பற்றிய பேச்சு அது. பார்வையாளர் வேண்டாம் என்பதுதான் விஷயம். ஒரு பாயை விரித்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் ஆயிற்று. போனை அடுப்படியில் வைத்துவிடுங்கள். பைபிள் அதில்தானே இருக்கிறது என்பீர்கள். வாட்ஸ்அப்பும் அதில்தான் இருக்கிறது. அச்சுப் புத்தகம் எடுங்கள்.

என்ன பேசுவது?

பைபிளில் சங்கீதம் என்ற ஜெபப் பாடல்கள் இருக்கின்றன; ஒன்றை வாய்விட்டு வாசியுங்கள். 119-ஐத் தொடாதீர்கள், 176 வசனம்! 13-ஆம் சங்கீதத்துக்கு ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் அது தொடங்குகிறது. கடவுளிடம் இப்படியும் கேட்கலாமா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேதாகமத்திலேயே இருக்கிறதே! அலங்கார வார்த்தை தேடி நான் திணறியது அன்றோடு நின்றது.

அப்புறம் இயேசு சொல்லித் தந்த பரமண்டல ஜெபம். மடமடவென்று ஒப்பிக்காமல் வரிக்கு வரி நிறுத்துங்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பதில் 'இன்று' என்ற சொல்லிடம் நில்லுங்கள். வனாந்தரத்தில் கடவுள் இஸ்ரவேலருக்குத் தந்த மன்னா என்ற உணவைச் சிலர் மறுநாளுக்கு மிச்சம் வைத்தார்கள், அது புழுத்துப்போயிற்று. ஞாயிறு ஆராதனையை வைத்து வாரம் முழுவதும் ஓட்ட முடியாததும் இதே கணக்குதான். அடுத்த வரி மன்னிப்பைப் பற்றியது: கடன் வருகிறது, கடனாளிகளும் வருகிறார்கள். எனக்குப் பணம் தராமல் இழுத்தடிக்கும் ஒருவரின் முகம் அந்த இடத்தில் தவறாமல் வரும். பல நாள் அந்த வரியைத் தாண்ட முடியாமல் எழுந்திருக்கிறேன். பரவாயில்லை, அங்கேயே நின்றதும் ஜெபம்தான்.

மனம் ஓடினால்

ஓடும். பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். கரண்ட் பில் ஞாபகம் வந்தால் எழுதிவிட்டுத் திரும்புங்கள். யாருக்காவது ஜெபிப்பதாகச் சொல்லியிருந்தால் அந்தப் பெயரும் தேதியோடு அதே நோட்டில் ஏறட்டும்; இல்லாவிட்டால் நிச்சயம் மறப்போம்.

நடுவில் பிள்ளை கூப்பிட்டால் எரிச்சல்படாதீர்கள். மாற்கு 1:35-இல் இயேசு இருட்டோடே எழுந்து தனியிடத்தில் ஜெபிக்கிறார். சீடன் சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிப் பிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். அவரோ அவர்கள் தேடிய ஊரான கப்பர்நகூமுக்குத் திரும்பாமல், அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். ஊரே தேடினாலும் அன்றைக்கு எங்கே போக வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமில்லை. எனக்கு ஜெபம் வேண்டியிருப்பதும் பெரும்பாலும் இதற்குத்தான்: போன் அடிக்கத் தொடங்குவதற்கு முன்பே அன்றைய நாள் எதற்கு என்று தெரிந்துகொள்ள.

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இருபது நிமிடம் உட்கார்ந்து பாக்கியை அடைக்கப் பார்க்காதீர்கள். அதே பாய், அதே பத்து நிமிடம்.