கல்யாண வீட்டில் கருகிய ரெசிஸ்டர்

காரைக்குடியில் மைக்செட் வைத்திருக்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். வீட்டு உள்முற்றமான வளவில் நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தபோது ஒரு ஸ்பீக்கர் பாக்ஸில் ட்வீட்டர், அதாவது கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், அடங்கிப்போனது. கூடவே கருகல் வாடை. "அண்ணே, ட்வீட்டர் போயிருச்சு" என்றான் கூட வந்த தம்பி.

கழற்றிப் பார்த்தால் ட்வீட்டர் நன்றாகத்தான் இருந்தது. ஒலியைப் பிரித்து அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்பும் கிராஸ்ஓவர் போர்டில், கரண்டை மட்டுப்படுத்த இருந்த 3.9 ஓம், 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் வெடித்து, அடியில் போர்டும் கறுத்திருந்தது.

சரி, கணக்குப் போட்டேன். 8 ஓம் ட்வீட்டரோடு தொடரில் 3.9, மொத்தம் ஏறக்குறைய 12 ஓம். அந்தப் பக்கம் 15 வோல்ட் போனால் கரண்ட் சுமார் 1.25 ஆம்பியர். கரண்டின் வர்க்கத்தை ரெசிஸ்டரின் ஓமால் பெருக்கினால் 6 வாட்டுக்கு மேல்; ரெசிஸ்டர் தாங்குவதோ 5 வாட். சினிமாப் பாட்டில் அந்த அளவு நொடிப்பொழுது வந்து போகும். நாதஸ்வரம் அப்படியில்லை, கணீரென்று நீளமாக நிற்கும், ரெசிஸ்டர் ஆற நேரமே கிடைக்காது. மூடிய பெட்டிக்குள் காற்றோட்டமும் கிடையாது. ரெசிஸ்டரின் வாட் கணக்கில் வருவதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும் என்பதில் இப்போது உறுதியாக இருக்கிறேன்.

8.2 ஓம், 10 வாட் இரண்டை இணையாகப் போட்டேன்: 4.1 ஓம், 20 வாட். ஓம் அதிகம் மாறாததால் ஒலியும் மாறவில்லை. போர்டைத் தொடாமல் அரை அங்குலம் தூக்கி சால்டர் வைத்தேன்.

அடுத்த முகூர்த்தம் முடிந்ததும் பின்பலகையைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். கை வைக்கிற சூடுதான்.