சென்னைக்குப் படிக்க வரும் தங்கச்சி தம்பிமாருக்கு: விடுதி அறையும் வாடகை வீடும்

விடுதி மெஸ்ஸில் எனக்கு அது முதல் நாள் மதியச் சாப்பாடு. சோறு போட்ட அண்ணா இரண்டாவது கரண்டியை எடுத்ததும் "காணும் அண்ணா, காணும்" என்றேன். அவர் கையை நிறுத்திவிட்டு என் தட்டைப் பார்த்தார். "என்னம்மா காணோம்?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் காணும் என்றால் போதும். இங்கே அந்தச் சொல் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி கேட்கிறது. எனக்குப் பின்னால் நின்ற பிள்ளை "நீங்க கேரளாவா?" என்றாள்.

தமிழ்நாடுதானே, பழகிக்கொள்ள என்ன இருக்கிறது என்ற நினைப்போடுதான் இலங்கையிலிருந்து நம்மில் அநேகம் பேர் வருகிறோம். கனடாவுக்குப் போகிற பிள்ளை பத்துப் பேரிடம் விசாரித்துவிட்டுப் போகிறது. சென்னைக்கு வருகிற பிள்ளை ஒருவரிடமும் கேட்பதில்லை. மொழி ஒன்றாக இருப்பதால் ஊரும் ஒன்று என்று தோன்றிவிடுகிறது. நான் மூன்று வருடம் பெண்கள் விடுதியில் இருந்தேன், அப்புறம் இரண்டு வருடம் தோழிகளோடு வாடகை வீட்டில். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதவற்றை இங்கே எழுதுகிறேன். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் தாள் வேலை. பயணப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவர்கள் வந்து 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ என்று எல்லாரும் சொல்லும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். சென்னையில் அது நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. 2018 முதல் விண்ணப்பம் இணையத்தில்தான்; கூப்பிட்டால் மட்டும் நேரில் போக வேண்டும். கடவுச்சீட்டு, விசா, படம் இவற்றோடு, நீங்கள் அங்கே படிப்பதற்குக் கல்லூரி தரும் போனஃபைட் சான்றிதழும் தங்கும் இடத்துக்கான சான்றும் கேட்பார்கள். கடைசி இரண்டுதான் நாள் பிடிப்பவை. போனஃபைட்டில் ஒரு கையெழுத்துக்காக அலுவலக ஜன்னலில் இரண்டு நாள் நிற்க நேரலாம். அதனால் சேர்க்கை முடிந்த அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள், நாலைந்து பிரதி எடுத்து வையுங்கள். வங்கியிலும் சிம் கார்டு கடையிலும் அதையேதான் கேட்பார்கள்.

வெளிநாட்டவர் ஒருவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் தெரிவிப்பது தங்கவைப்பவரின் கடமை. பேச்சுவழக்கில் இதற்கு சி-ஃபார்ம் என்று பெயர். பெரிய கல்லூரி விடுதிகளுக்கு இது பழக்கமான வேலை. தனியார் லேடீஸ் ஹாஸ்டல், பி.ஜி. (சாப்பாட்டோடு அறை வாடகைக்கு விடும் வீடு) நடத்துகிறவர்கள் பலருக்கு இது தெரியாது. என் தோழி ஒருத்தி தங்கிய தனியார் விடுதி "அதெல்லாம் வேண்டாம்மா" என்று சொல்லிவிட, பதினோராவது நாள் அவள் வேறு விடுதி தேடி அலைந்தாள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

வங்கியில் நம் மாதிரி வெளிநாட்டு மாணவர்களுக்குத் திறப்பது என்ஆர்ஓ என்னும் ரூபாய்க் கணக்கு. அது கைக்கு வந்து, இங்கத்தைய தொலைபேசி எண்ணும் அதில் இணைந்த பிறகுதான் ஜிபே, போன்பே போன்ற கைபேசிப் பணச் செயலிகள் வேலை செய்யும். அதுவரை சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். தேநீர்க் கடை முதல் பூக்காரம்மா வரை கியூஆர் அட்டை தொங்குகிற ஊர் இது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் மீதிக்குத் தடுமாறுவார்கள்.

இனி விடுதி. அறை எப்படி இருக்கும் என்பது கல்லூரியைப் பொறுத்தது. தாம்பரம் கிறித்துவக் கல்லூரி 365 ஏக்கர் காட்டுக்குள் இருக்கிறது; அங்கே விடுதியை ஹால் என்பார்கள், சேலையூர் ஹால், தாமஸ் ஹால், ஹீபர் ஹால் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பரம்பரை. கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய ஐஐடியில் விடுதிகளுக்கு நர்மதா, காவேரி, தாமிரபரணி என்று ஆறுகளின் பெயர். மான்கள் சாலையில் நிற்கும். குரங்குகள் திறந்த ஜன்னல் வழியாக வந்து பிஸ்கட்டை எடுத்துப் போகும், தாழ்ப்பாள் சரியாக வேண்டும். நகரின் நடுவில் இருக்கும் கல்லூரிகளில் இடம் குறைவு, ஒரே அறையில் மூன்று நான்கு பேர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைப் போல வளாகத்துக்குள் மாணவர் அபார்ட்மெண்ட் என்பது இங்கே அரிது. விடுதி, இல்லையென்றால் வெளியே பி.ஜி. அல்லது வாடகை வீடு. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் ஆண்களுக்கு இன்னொரு வழி: சிறிய அறை, பொதுக் குளியலறை, கீழே இறங்கினால் எந்நேரமும் சாப்பாடு.

கொண்டுவர வேண்டியவற்றில் பலர் மறப்பது பிளக். நம் ஊரில் இப்போது சதுர முள் பிளக்தான் அதிகம்; மலேசியாவிலும் அதேதான். இங்கே உருண்டை முள். மாற்றி ஒன்றிரண்டு எடுத்து வாருங்கள். மின்கேத்தல், இஸ்திரிப்பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் கம்பி இவற்றை அநேக விடுதிகள் அனுமதிப்பதில்லை, சோதனையில் கண்டால் எடுத்துப் போய்விடுவார்கள். வாளியும் குவளையும் இங்கேயே வாங்கலாம். கொசுவலையை மட்டும் முதல் இரவே கட்டுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. தலைமுடி கொட்டுகிறது என்று முதல் மாதம் எல்லாப் பெண்களும் சொல்வார்கள். குடிக்க 20 லிட்டர் கேன் அல்லது விடுதியின் சுத்திகரிப்புக் குழாய், வேறு எதையும் குடிக்க வேண்டாம்.

மெஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல விடுதிகளில் டிவைடிங் சிஸ்டம் நடக்கிறது. அந்த மாதம் அரிசி, காய், எரிவாயு, சமையல்காரர் கூலி என்று ஆன செலவை எல்லாம் கூட்டி, எல்லாரும் சாப்பிட்ட நாட்களால் வகுத்து ஒரு நாள் கணக்கு எடுப்பார்கள். அதனால் மெஸ் பில் மாதத்துக்கு மாதம் மாறும். ஊருக்குப் போகிறபோது முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களைக் கழிப்பார்கள், ரிடக்ஷன் என்பார்கள். குறைந்தது இத்தனை நாள் என்று ஒரு விதி இருக்கும், அறிவிப்புப் பலகையில் பாருங்கள். நான் முதல் தடவை ஊருக்குப் போய் இருபது நாள் நின்றபோது எழுதிக் கொடுக்கவில்லை. சாப்பிடாத சாப்பாட்டுக்கு முழுப் பணமும் கட்டினேன்.

சாப்பாடு என்னவென்றால் பொன்னி அரிசிச் சோறு, சாம்பார், ரசம், மோர், ஒரு பொரியல். குத்தரிசிச் சோற்றுக்கும் தேங்காய்ப்பாலுக்கும் பழகிய நமக்கு ஒரு மாதத்தில் வாய் ஏங்கும். உறைப்பு போதாது. அம்மா வறுத்து இடித்த தூளில் அரைக் கிலோ கொண்டுவாருங்கள், இது என் அன்பான வற்புறுத்தல். முட்டைப் பொரியலில் அந்தத் தூளைக் கொஞ்சம் தூவித் தோழிகளுக்குக் கொடுத்த நாளில்தான் எங்கள் அறை ஒரு வீடு மாதிரி ஆனது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது "தூள் மறந்துடாதே" என்றுதான் மூன்று பேரும் வழியனுப்பினார்கள். புரட்டாசி மாதம் பலர் கவிச்சி சாப்பிட மாட்டார்கள். அறைக்குள் கருவாட்டுச் சம்பல் போத்தலைத் திறப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பேச்சு. உங்கள் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் அது எங்கே தடுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். கதைக்கிறோம் என்றால் இங்கே கதை விடுகிறோம் என்று கேட்கும். "அவர் என்னைப் பேசிப்போட்டார்" என்றால் நமக்குத் திட்டியது, இவர்களுக்குச் சும்மா பேசியது. வார்டனிடம் நான் இப்படிச் சொன்ன ஒரு முறைப்பாடு இரண்டு வாரம் முறைப்பாடாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை. முறைப்பாடு என்ற சொல்லும் இங்கே இல்லை. புகார், அல்லது கம்ப்ளெயிண்ட். கதிரை என்றால் சேர், பாண் என்றால் பிரெட், சப்பாத்து என்றால் ஷூ. கூடப் படிக்கிறவர்கள் இரண்டாம் நாளே வாடி, போடி என்பார்கள். எனக்கு முதலில் நெஞ்சில் குத்தியது. அது மரியாதைக் குறைவு இல்லை, சேர்த்துக்கொண்டார்கள் என்று பொருள். ஆனால் மெஸ் ஊழியர், காவலர், துப்புரவு செய்யும் அம்மா இவர்களை அண்ணா, அக்கா, அம்மா என்றே கூப்பிடுங்கள். காய்ச்சலில் கிடக்கும்போது கஞ்சி கொண்டுவந்து தருகிறவர்கள் அவர்கள்தான்.

பெண்கள் விடுதிகளில் கேட் டைம் உண்டு. சில இடங்களில் மாலை ஆறரைக்கே கதவு. ஆண்கள் விடுதியில் அதே கல்லூரியில் அந்தக் கண்டிப்பு இருக்காது. இது நியாயமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நூலகம் எட்டு மணி வரை திறந்திருக்க, ஆறரைக்கு உள்ளே வா என்றால் யாருக்காக அந்த நூலகம்? வார்டனிடம் சேர்ந்து எழுதிக் கொடுத்து நாங்கள் நூலக அனுமதிச் சீட்டு வாங்கினோம், நீங்களும் கேளுங்கள். இரவு வெளியே தங்க அவுட் பாஸ் வேண்டும், அதற்கு லோக்கல் கார்டியன் கையெழுத்து. சென்னையில் உறவினர் இல்லாதவர்கள் வரும் முன்பே ஒருவரைப் பிடித்து வையுங்கள். வளசரவாக்கம் பக்கம் நம்மவர் குடும்பங்கள் நிறைய. தெரிந்தவர் வழியாக விசாரித்தால் ஒருவர் அகப்படுவார்.

ராகிங் தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டப்படி குற்றம். உங்கள் பேச்சை நடித்துக் காட்டச் சொல்லி, திரும்பத் திரும்பப் பேசவைத்துச் சிரிப்பதும் அதில்தான் சேரும். வெளிநாட்டுப் பிள்ளை, விசா போய்விடும் என்று பயந்து பொறுத்துக்கொள்ள வேண்டாம். புகார் கொடுத்தால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. தேசிய உதவி எண் 1800-180-5522, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விடுதி காலியாகும். கூடவே மெஸ்ஸையும் மூடுவார்கள். இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் போக வீடு இருக்கிறது. முதல் பொங்கலுக்கு மூன்று நாள் பிரெட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டேன், தெருமுனைக் கடைகளும் பூட்டியிருந்தன. அடுத்த வருடம் அறைத்தோழி தஞ்சாவூர்ப் பக்கம் தன் ஊருக்குக் கூட்டிப்போனாள். அவள் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, என் பேச்சைக் கேட்டுவிட்டு, "இந்தப் பொண்ணு எழுத்துத் தமிழா பேசுது" என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அழைத்துப்போனார். யாராவது கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். கூப்பிடாவிட்டால், நானும் வரட்டுமா என்று நீங்களே கேட்கலாம். இங்கே அதைத் தவறாக எடுப்பவர்கள் குறைவு.

மூன்றாம் வருடத்துக்குப் பிறகு வெளியே வீடு எடுக்கலாம் என்று தோன்றும். சமையல் நம் கையில், கேட் டைம் இல்லை. ஆனால் வீடு கிடைப்பது இலகுவில்லை. டு-லெட் பலகை இருக்கும் வீட்டில் முதலில் "ஃபேமிலியா, பேச்சிலரா?" என்பார்கள். அப்புறம் சைவமா என்பார்கள். மூன்றாவதாக எந்த ஊர் என்று கேட்டு, இலங்கை என்றதும் "சிலோனா?" என்று முகம் மாறும். ஏழு வீடுகளில் எங்களுக்கு அது நடந்தது. வலித்தது. அப்போது ஒரு தரகர், தமிழ்நாட்டுத் தோழி பெயரில் மட்டும் ஒப்பந்தம் போட்டு நீங்கள் சும்மா இருங்கள் என்றார். அதைச் செய்யாதீர்கள். உங்கள் பெயர் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் முகவரிச் சான்று இல்லை. முகவரி மாறியதை எஃப்ஆர்ஆர்ஓவில் தெரிவிக்க முடியாது. அது பிறகு விசா நீட்டிக்கும்போது கழுத்தைப் பிடிக்கும். முதலிலேயே உண்மையைச் சொல்லி, விசாவையும் பதிவுச் சான்றையும் கல்லூரிக் கடிதத்தையும் ஒரு கோப்பில் போட்டு நீட்டுங்கள். எட்டாவது வீட்டம்மா அந்தக் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தந்தார்.

முன்பணத்தை இங்கே அட்வான்ஸ் என்பார்கள். ஆறு மாதம், பத்து மாத வாடகை கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர. அந்தக் கடைசி வரியால்தான் பழைய வழக்கம் தொடர்கிறது. ஆனாலும் சட்டத்தைச் சொல்லிப் பேசிப் பார்த்தால் குறைப்பார்கள். எங்களுக்கு எட்டு மாத வாடகை ஐந்து மாதமானது. தரகருக்கு ஒரு மாத வாடகை தனி. ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா, யூனிட்டுக்கு எவ்வளவு, லாரித் தண்ணீர் வாங்கினால் யார் பங்கு எவ்வளவு, காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையெல்லாம் வாயால் பேசிவிடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

வீடு பார்க்க வெயில் காலத்தில் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இங்கேயும் நம் ஊர் போல அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் மழை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற தாழ்ந்த இடங்களில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வாடகை குறைவாக இருக்கிற தரைத்தள வீட்டைக் காட்டினால், உள்ளே போகாமல் முதலில் வெளிச்சுவரைப் பாருங்கள். இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு ஓடும். புதிதாக வெள்ளையடித்திருந்தால் எதிர்வீட்டுச் சுவரைப் பாருங்கள், அதையும் அடித்திருந்தால் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் "அந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணா?" என்று கேளுங்கள். அவர் கையை வைத்துக் காட்டுவார்.