வெல்லும் சிறிய அணிக்குக் கூட்டம் சேர்ப்பது எப்படி? மலையூர் அணிச் செயலாளர்களுக்கு ஒரு கையேடு

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளில், வளர்ந்த பையன்களின் கால்பந்து அணிக்கு நான் சில ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். பூட்ஸ் வாங்கவே வீடுவீடாகப் பணம் திரட்டிய அந்த அணி, ஓராண்டு பெரிய அணிகளை வரிசையாக வென்று அரையிறுதிக்கு வந்தது. அன்று மைதானத்தைச் சுற்றி நின்றவர்களை எண்ணினேன்: 42 பேர். எங்கள் கோல்காப்பாளர் பெனால்டியைத் தடுத்தபோது எழுந்த கைத்தட்டலைவிட, பந்து அவர் கையுறையில் பட்ட ஓசை உரக்கக் கேட்டது. அந்தப் பையனின் முகத்தைப் பார்த்த பிறகுதான், வெற்றி தானாகவே கூட்டத்தை அழைத்து வரும் என்ற நம்பிக்கையை விட்டேன்.

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். வராதவர்களை ஒலிபெருக்கியிலோ வாட்ஸ்அப்பிலோ கடிந்துகொள்ளாதீர்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டாம்பா பே ரேஸ் என்ற பேஸ்பால் அணி இருக்கிறது. 2007-இல் 96 ஆட்டங்களில் தோற்ற அந்த அணி, மிகக் குறைந்த சம்பளச் செலவில், மறு ஆண்டே 97 ஆட்டங்களை வென்று உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டிவரை சென்றது. ஆயினும் அரங்கம் நிரம்பவில்லை. 2010 செப்டம்பரில், அடுத்த சுற்றுக்குத் தகுதி பெறும் தறுவாயில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு 12,446 பேர் மட்டுமே வந்தபோது, முன்னணி ஆட்டக்காரர்கள் இருவர் தங்கள் வருத்தத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். உடனே நிர்வாகம் 20,000 இலவச டிக்கெட்டுகளை வழங்கியது. ஆட்டக்காரர்களின் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் கண்டிப்பும் சரி, இலவசமும் சரி, ஒரு நாளைத்தான் நிரப்பும். 2023-இல் அதே அணி 99 வெற்றிகளுடன் அடுத்த கட்டத்துக்குச் சென்றபோதும், செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குமேல் தொடங்கிய முதல் ஆட்டத்துக்கு 19,704 பேர்தான் வந்தார்கள். அவர்களுடைய அரங்கம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தது. மக்கள் பெருமளவில் வாழும் டாம்பாவோ வளைகுடாவுக்கு அக்கரையில். வேலை நாளில் பாலம் கடந்து வருவது யாருக்கும் எளிதன்று. நமக்குப் பாலம் இல்லை, கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, வேறுபாடு அவ்வளவே.

ஆகவே, வந்தவர்களை எண்ணி முடித்ததும், வராதவர்களிடம் போய்க் கேளுங்கள். நான் ஐந்து லைன்களில் கேட்டேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: "என் பேரன்தானே தம்பி ஆடுறான், எனக்குப் பார்க்க ஆசை இருக்காதா? நீங்க முடிக்கிறதுக்குள்ள இருட்டிடுது. கரடி நிக்கிற வழியில நான் எப்படித் தனியா வருவேன்?" விளையாட்டின் மீது ஆர்வமில்லை என்று நாங்கள் முடிவுகட்டியிருந்த மக்கள், கரடிக்கும் காட்டெருமைக்கும் அஞ்சி வீட்டிலிருந்தார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இதிலிருந்து பிறப்பதே மிக முக்கியமான மாற்றம்: ஆட்டத்தை நண்பகலை ஒட்டித் தொடங்குங்கள். எஸ்டேட்டுக்கு விடுமுறையான ஞாயிறன்று, காலையில் கோயிலும் சந்தையும் முடிந்து, ஒரு மணிக்குப் பந்தை உதைத்தால் மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். மூடுபனி இறங்குவதற்குள் வீடு திரும்பலாம். இதற்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் நம்முடைய வழக்கம்தான். சிறப்பு விருந்தினர் வரும்வரை காத்திருந்து, பொன்னாடை போர்த்தி, நான்கு பேர் பேசி முடித்து, மூன்றரைக்குத் தொடங்குகிறோம். விருந்தினர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், மரியாதையை இடைவேளையில் செய்யுங்கள். அவரிடம் முன்கூட்டியே பணிவாகச் சொன்னால் எவரும் மனம் கோணுவதில்லை.

அடுத்தது போக்குவரத்து. துண்டறிக்கையில் அணியின் பெயரைவிடப் பெரிதாக, எந்த ஊரிலிருந்து எந்தப் பேருந்தில் வரலாம், ஆட்டம் முடிந்ததும் எந்தப் பேருந்தில் திரும்பலாம் என்பதை எழுதுங்கள். பேருந்து இல்லாத லைன்களுக்கு, இலை ஏற்றும் வண்டிக்காரர்களிடம் ஞாயிறன்று வண்டி கிடைக்குமா என்று கேட்டுப்பாருங்கள். ஆட்களை ஏற்றுவதென்றால் அனுமதியுள்ள ஜீப்பையோ வேனையோ மட்டும் அமர்த்துங்கள். பணம் பற்றாக்குறையாக இருந்தால் கோப்பையைச் சிறிதாக்கி வண்டிக்குச் செலவிடுங்கள். தவறாமல் வந்த பார்வையாளர்களில் பெரும்பாலோர் எங்களுக்கு இப்படிக் கிடைத்தவர்களே.

மழையைப் பொறுத்தவரை, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் வலுத்துப் பெய்வதால், இரு பகுதிக்கும் ஒரே அட்டவணை ஒத்துவராது. கோடை சீசனில் சுற்றுலா வாகனங்கள் சாலையை அடைத்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

டிக்கெட் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. முற்றிலும் இலவசமாக விடாதீர்கள்; பத்து ரூபாயாவது வாங்குங்கள், அதற்கு ஒரு டீயும் வர்க்கியும் கொடுங்கள். பணம் கொடுத்து வந்தவர் கடைசி விசில்வரை இருக்கிறார். தேயிலை பறிக்கும் பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மட்டும் கட்டணம் வேண்டாம். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லாத மைதானத்துக்கு அவர்களை அழைப்பது சரியல்ல. பக்கத்துப் பள்ளியிடமோ கோயிலிடமோ பேசி முதலில் அதை ஏற்பாடு செய்யுங்கள்.

ஆட்டக்காரர்களை ஊருக்குள் அனுப்பவும் வேண்டும். டாம்பா பகுதியில் குடியேறிய பலர், தாங்கள் விட்டுவந்த வடபகுதி நகரங்களின் அணிகளையே தொடர்ந்து நேசித்தார்கள். இங்கும் பையன்கள் கைப்பேசியில் ஐரோப்பிய அணிகளைப் பார்த்து வளர்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் தன் தெருவில் வந்து பந்து உதைத்துக் காட்டிய அண்ணன் ஆடுகிறான் என்றால் சிறுவன் அப்பாவையும் இழுத்துக்கொண்டு வருவான். ஆட்டத்துக்கு முந்தைய வாரம் இரண்டிரண்டு பேராக லைன்களுக்கும் ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களுக்கும் அனுப்புங்கள். அறிவிப்பாளர் ஒவ்வோர் ஆட்டக்காரரின் ஊரையும் பெயரோடு சேர்த்துச் சொல்லட்டும்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரே நோட்டில் மூன்று எண்களை எழுதி வாருங்கள்: வந்தவர்கள், அவர்களில் பெண்கள், முடியும் முன்பே எழுந்து போனவர்கள். மூன்றாவது எண்தான் உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும். மூன்றரைக்குத் தொடங்கிய எங்கள் கடைசி ஆட்டத்தில் அது 27. ஒரு மணிக்கு மாற்றிய முதல் ஆட்டத்தில் 4. அன்று அந்த அம்மா, பேரன் சட்டையைப் பிழிந்து மாற்றும்வரை கயிற்றோரம் நின்றிருந்து, அவனோடு வெளிச்சத்திலேயே நடந்து போனார்.