வடக்கு மாகாண சபை 2013–2018: உறுப்பினர் பட்டியல் எழுதும்போது விடும் பிழைகள்

பலரும் இலங்கையின் வடக்கு மாகாண சபைத் தேர்தல் முடிவை எடுத்து அப்படியே உறுப்பினர் பட்டியல் என்று போட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. 2013 செப்டெம்பர் 21 அன்று மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்தது 36 பேரை: யாழ்ப்பாணம் 16, வவுனியா 6, மன்னார் 5, முல்லைத்தீவு 5, கிளிநொச்சி 4. ஆனால் யாழ்ப்பாணத்துக் கைதடியில் கூடிய சபையில் 38 ஆசனங்கள். மற்ற இரண்டும் முதலிடம் பெற்ற கட்சிக்குப் போகும் போனஸ் ஆசனங்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு ஓரிடத்தில் 28, இன்னோரிடத்தில் 30 என்று இருப்பது இதனால்தான். இரண்டும் சரி, போனஸைச் சேர்த்தோமா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும்.

அந்தப் போனஸ் ஆசனங்களில் ஒன்று அய்யூப் அஸ்மினுக்குப் போனது. மற்றதைச் சுழற்சி முறையில் கொடுப்பதென்று கூட்டமைப்பு முடிவெடுத்தது. முதலில் வந்தவர் மேரி கமலா குணசீலன். ஐந்தாண்டுக்கும் அவர் பெயரை மட்டும் எழுதினால், பின்னால் வந்தவர்கள் காணாமல் போய்விடுவார்கள். இடையில் ஓர் ஆசனம் வெறுமையானாலும் இடைத்தேர்தல் கிடையாது. அதே கட்சிப் பட்டியலில் விருப்பு வாக்கில் (வேட்பாளரின் பெயருக்கென்று விழும் வாக்கில்) அடுத்து நிற்பவர் வருவார். ஆகவே பெயருக்கு நேரே காலத்தையும் எழுதுங்கள்.

பதவிகளையும் குழப்புகிறார்கள். முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன், சபையை நடத்திய அவைத்தலைவர் சீ.வீ.கே. சிவஞானம். முதலெழுத்துகள் ஒத்திருப்பதால் ஒருவரின் பேச்சு மற்றவர் பெயரில் ஏறிவிடுவது எளிது. எதிர்க்கட்சித் தலைவராக முதலில் க. கமலேந்திரன், அப்புறம் சி. தவராசா. ஆளுநரோ ஜனாதிபதி நியமிப்பவர், சபை உறுப்பினரே அல்ல.

அதிகம் கவனிக்க வேண்டியது அமைச்சரவை. இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி முதலமைச்சரோடு நான்கு அமைச்சர்கள்தான். 2017இல் அமைச்சர்கள் மாறினார்கள். அப்போது நீக்கப்பட்ட பா. டெனீஸ்வரன் வழக்குப் போட, 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்துக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. அவரையும் புதிதாக வந்தவர்களையும் சேர்த்தால் நான்கைத் தாண்டிவிடும். அப்படியானால் கடைசி மாதங்களில் அமைச்சர்கள் யார்? ஒரே வரியில் பெயர்களை அடுக்கினால் இந்தச் சர்ச்சையே மறைந்துபோகும். அதற்குத் தனியாக ஒரு குறிப்பு எழுதத்தான் வேண்டும்.

விக்னேஸ்வரனை ‘வடக்கின் முதல் முதலமைச்சர்’ என்பது சரி. ஆனால் 1988இல் இணைந்த வடக்கு-கிழக்கு மாகாணத்துக்கு வரதராஜப்பெருமாள் முதலமைச்சராக இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது.