"ஏன்ப்பா?" என்று கேட்கிற பையன்களிடம் நாம் செய்கிற தவறுகள்

திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு ராத்திரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மூத்தவன் கேட்டான்: "அப்பா, நிலா ஏன் நம்ம கூடவே வருது?" அப்போது அவனுக்கு ஐந்து வயது. எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. "உன்னைப் பார்க்கத்தான்டா" என்றேன். முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நல்ல பதில் சொல்லிவிட்ட திருப்தியில் கண்ணை மூடினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அப்போ தம்பி கூட யாரு போவா?"

தம்பி அன்றைக்கு அவன் அம்மாவோடு சென்னையில் இருந்தான். தஞ்சாவூர் வந்து சேரும் வரை நான் திறக்கவேயில்லை, வாயையும் சரி, கண்ணையும் சரி.

இப்போது மூத்தவனுக்கு 7 வயது, சின்னவனுக்கு 4. காலையில் வாயில் பிரஷ்ஷோடு தொடங்கும் பேச்சு, ராத்திரி பாதி வாக்கியத்தில் தூக்கம் வந்து அமுக்கும்போதுதான் நிற்கும். இத்தனை வருஷத்தில் அவர்களிடம் நான் செய்த தவறுகளை யோசித்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை. பேச்சை எப்படியாவது மூடிவிட வேண்டும் என்று சொன்ன பதில்கள்.

நிலா விஷயத்தை அப்புறம் காவிரிப் பாலத்தில்தான் சரி செய்தேன். ஸ்ரீரங்கம் போகும்போது ஸ்கூட்டரில் இருந்தபடி, "விளக்குக் கம்பத்தைப் பாரு, மலைக்கோட்டையைப் பாரு" என்றேன். கம்பங்கள் விர்விர்ரென்று பின்னால் ஓடின. மலைக்கோட்டை மட்டும் நகராமல் கூடவே வந்தது. "தூரமா இருக்கிறது மெதுவாத்தான் நகருற மாதிரி தெரியும். நிலா 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அது எங்க நகரப் போகுது?" வீட்டுக்கு வந்ததும் கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண் மாற்றி ஒரு கண் மூடிப் பார்க்கச் சொன்னேன். விரல் இடமும் வலமும் தாவியது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அசையவில்லை. அன்றைக்கு முழுக்க இரண்டு பேரும் ஒற்றைக் கண்ணோடுதான் வீட்டில் திரிந்தார்கள்.

தவிட்டுக்கு வாங்கிய கதை

"நான் எங்கேர்ந்து வந்தேன்?" என்ற கேள்விக்கு நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக ஒரு பதில் இருக்கிறது: "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்." சொல்லும் பெரியவர்களுக்கு அது விளையாட்டு. நாலு வயதுப் பையனுக்கு அது செய்தி. எங்கள் சின்னவனிடம் ஒரு சொந்தக்காரர் இதைச் சொல்லிவிட்டுக் காபி குடித்துக் கிளம்பிப் போய்விட்டார். ராத்திரி பத்து மணிக்குப் பையன் எழுந்து உட்கார்ந்து, "தவிட்டைத் திருப்பிக் குடுத்தா என்னை எடுத்துட்டுப் போயிடுவாங்களா?" என்று அழுதான்.

அந்த வயதுக்கு உண்மையே சுலபம். "அம்மா வயித்துக்குள்ள கருப்பைன்னு ஒரு பை இருக்கு. அதுல வளர்ந்து, ஆஸ்பத்திரியில பிறந்த." பெரும்பாலும் அவர்கள் அடுத்துக் கேட்பது நாம் பயப்படுகிற கேள்வியாக இருக்காது. "அங்க லைட் இருக்குமா?" என்பதுதான் இவன் கேட்டது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்

இதை எல்லா வீட்டிலும் கேட்கலாம். சத்தம் போட்டால் போலீஸ், சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி, ஓடினால் டாக்டர் ஊசி. பூச்சாண்டியைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை, அவர் நேரில் வரப்போவதில்லை. போலீஸ் விஷயம் வேறு. சமயபுரத்துச் சித்திரைத் தேர்க் கூட்டத்தில் கைவிட்டுப் போன பையன் யாரிடம் போய் நிற்க வேண்டும்? காக்கிச் சட்டையிடம்தான். நாம் வருஷக்கணக்கில் சொல்லி வளர்த்ததை நம்பினால் அவன் அவர்களைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் ஓடுவான்.

ஓயாமல் பேசும் பையனின் வாய்க்கு இந்த இடத்தில்தான் நல்ல உபயோகம். அப்பா, அம்மா இருவரின் செல் நம்பரையும் பாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொல்லிக் கொடுங்கள். எங்கள் சின்னவன் என் நம்பரைப் பத்து இலக்கமும் தாளத்தோடு சொல்வான். நடுவில் நிறுத்தச் சொன்னால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதையும் மூத்தவன் தெரிந்துவைத்திருக்கிறான்.

கூடவே எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. "அம்மாகிட்ட சொல்லாதேன்னு யார் என்ன சொன்னாலும், அதைத்தான் முதல்ல அம்மாகிட்ட சொல்லணும்." இந்த விதி வேலை செய்ய வேண்டுமானால், மற்ற நேரத்தில் அவன் சொல்கிற இருநூறு உப்புச்சப்பில்லாத விஷயங்களையும் காதில் வாங்கியிருக்க வேண்டும். எது முக்கியம், எது இல்லை என்று பிரித்துச் சொல்ல அந்த வயதில் தெரியாது. "தொணதொணக்காதே" என்று தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன், சொல்லியே ஆக வேண்டியதையும் சேர்த்து விழுங்கிவிடுவான்.

அதிகப்பிரசங்கி

ஒரு விசேஷ வீட்டில் பெரியவர் ஒருவர் "உலகத்திலேயே பெரிய மீன் திமிங்கிலம்" என்றார். மூத்தவன் பட்டென்று, "அது மீனே இல்ல மாமா, குட்டி போட்டுப் பால் குடுக்கும்" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், பெரியவர் முகம் சுண்டிவிட்டது. நான், "அதிகப்பிரசங்கித்தனமா பேசாதே" என்று அதட்டினேன். அவன் அதற்குப் பிறகு அங்கே பேசவில்லை.

ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு கேட்டான்: "அப்பா, அப்போ திமிங்கிலம் மீன்தானா?"

நான் கண்டித்தது அவன் சொன்ன விதத்தை. அவன் புரிந்துகொண்டது, சொன்ன விஷயமே தப்பு என்று. இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். "நீ சொன்னது சரி. ஆனா 'மாமா, எங்க புத்தகத்துல வேற மாதிரி போட்டிருக்கே'ன்னு கேட்டிருக்கலாம்" என்று மறுநாள் சொன்னேன். இப்போது அந்த வாக்கியத்தை என்னிடமே பிரயோகிக்கிறான், வாரத்துக்கு நாலு தடவை.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வந்தவர்கள் முன்னால், "மாமாவுக்கு கிரகம் பேரெல்லாம் சொல்லிக் காட்டு" என்று நிறுத்துவது. தானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை ஒப்பிக்கவைத்தால், அடுத்த முறை கேள்வி கேட்பதற்கே யோசிப்பான்.

மொய் மேஜையில் நடந்தது

பையன்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள், கேட்காது என்று நினைத்துக்கொண்டு நாம் பேசுவதெல்லாம் கேட்கும். ஒரு கல்யாணத்தில் மொய் எழுத நின்றோம். எழுதுகிறவர் பேனாவைத் திறந்து, "எவ்வளவுங்க?" என்றார். "ஆயிரம்" என்றேன். என் இடுப்புயரத்திலிருந்து ஒரு குரல், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி: "அப்பா, அவங்க நமக்கு ஐந்நூறுதானே செஞ்சாங்க, ஆயிரம் எதுக்குன்னு அம்மா கேட்டாங்கல்ல?" எழுதுகிறவர் தலை நிமிராமல் "ஆயிரமே போட்டுடலாமா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் அவனைத் திட்ட வாயெடுத்த என்னைத் தடுத்தது அவன் அம்மா. அவன் பொய் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னான். வீட்டில் பேசுவது எது, வெளியில் பேசாதது எது என்ற பிரிவு ஏழு வயதில் பாதிதான் பிடிபடும். பண விஷயத்தையும் சொந்தக்காரர்களைப் பற்றிய விமரிசனத்தையும் அவர்கள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்வது நம் வேலை.

பூரிப் பாடம்

பதில் சொல்லாதது ஒரு தவறு என்றால், அளவுக்கு மீறிச் சொல்வது இன்னொன்று. என் மாதிரி ஆட்களுக்கு இதுதான் அதிகம். "பூரி ஏன் உப்புது?" என்று சின்னவன் கேட்டான். மாவில் இருக்கிற தண்ணீர் எண்ணெய்ச் சூட்டில் ஆவியாவது, தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரிவது, மேல்தோல் சட்டென்று இறுகி ஆவியைச் சிறைபிடிப்பது என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தால் பையனைக் காணோம், வாசலில் நாய்க்குட்டியோடு பேசிக்கொண்டிருந்தான். நீளமான பதிலும் பேச்சை மூடத்தான் செய்கிறது.

என் மனைவி அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தையும் பேசாமல் அதைச் செய்தார். இரண்டு பேரையும் அடுப்பிலிருந்து நாலடி தள்ளி ஸ்டூலில் உட்காரவைத்தார். ஒரு பூரியை அப்படியே எண்ணெயில் விட்டார், பந்து மாதிரி எழும்பியது. இன்னொன்றை முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்திவிட்டுப் போட்டார். அது தட்டையாகவே மிதந்து சிவந்தது. மூத்தவன் சொன்னான்: "ஓட்டை வழியா ஏதோ தப்பிச்சிடுச்சு." என்ன தப்பித்தது என்பதை அவர்களே பேசிப் பேசி, கடைசியில் இட்லிப் பானை மூடியைக் காட்டி 'ஆவி' என்று வந்து சேர்ந்தார்கள். என் பத்து நிமிஷப் பிரசங்கத்தில் இருந்ததெல்லாம் அதில் இருந்தது, 1,600 மட்டும்தான் இல்லை.

காத்திருப்பதும் இதோடு சேர்ந்ததுதான். வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970களில் கவனித்தது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். "நீ என்னடா நினைக்கிற?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள். அந்த மூன்று நொடி எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அப்புறம் சொல்றேன்

ஏழரை மணிக்கு வேன் வரும், ஒரு ஷூ கிடைக்கவில்லை, அப்போதுதான் "எறும்பு தூங்குமா?" என்று கேட்பான். அந்த நேரத்தில் அப்புறம் சொல்கிறேன் என்பது நியாயமான பதில். அந்த அப்புறம் வராமலே போவதுதான் தவறு. எங்கள் வீட்டில் இதற்குத் தினசரி காலண்டர் உதவுகிறது. அன்றைக்குக் கிழித்த தாளின் பின்பக்கம் கேள்வியை எழுதி ஃபிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டிவிடுவோம். ராத்திரி எட்டரைக்கு எடுத்துப் பார்ப்போம். (எறும்பு தூங்கும், குட்டிக் குட்டித் தூக்கமாக.) தெரியாவிட்டால் "தெரியலடா, தேடுவோம்" என்று சொல்லிவிடுகிறேன். முதலில் சொன்னபோது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது, அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

சும்மா இருக்கட்டும் என்று கையில் செல்போனைக் கொடுப்பதைப் பற்றி எல்லோரும் சொல்லியாகிவிட்டது. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நாங்கள் பல நாள் அதைத் தாண்டியிருக்கிறோம், மறைக்க ஒன்றுமில்லை.

வாய் தடுக்கும்போது

சின்னவன் மூன்றரை வயதில் திடீரென்று "அ... அ... அப்பா, நா... நா... நான்" என்று திக்க ஆரம்பித்தான். 2 முதல் 5 வயதுக்குள் பல பிள்ளைகளுக்கு இது வரும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே போய்விடும். நாங்கள் செய்த தவறு, "மெதுவா சொல்லு", "மூச்சு விட்டுச் சொல்லு" என்று ஒவ்வொரு தடவையும் திருத்தியதும், அவன் வாக்கியத்தை நாங்களே முடித்துவைத்ததும். அவனைத் திருத்துவதை விட்டுவிட்டு நாம் மெதுவாகப் பேச வேண்டும், முகத்தைப் பார்த்து முழுதாகக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் செய்தோம், சில மாதங்களில் குறைந்தது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ, பேசவே தயங்கினாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்குவாய் இருந்தாலோ பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு நீடிக்க வாய்ப்பு அதிகம். பேச்சு வரட்டும் என்று நாக்கில் வசம்பு தடவுகிற வழக்கத்தைக் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

எப்போதும் கத்தியே பேசுகிற, "ஆங்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிற பையனை அடக்குவதற்கு முன்னால் காதை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அண்ணன் தம்பி

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். தோசைக் கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம் என்று ஒரு சட்டம் போட்டேன். கரண்டிக்கே சண்டை வந்து, அது அலமாரி மேலே போய்விட்டது. பெரியவன் கோர்வையாகப் பேசுவதால் நாம் அவன் பக்கமே திரும்பி, சின்னவனிடம் "இரு, அண்ணன் முடிக்கட்டும்" என்று சொல்லிவிடுகிறோம். அவன் முறை வரும்போது சொல்ல வந்தது மறந்திருக்கும். கடைக்குப் போகும்போது சின்னவனை மட்டும் கூட்டிக்கொண்டு போவதுதான் எனக்குப் பலித்த ஒரே வழி. கொத்தமல்லி வாங்கப் போகிற பத்து நிமிஷத்தில் அவனிடம் இவ்வளவு விஷயம் இருந்ததா என்று ஆச்சரியமாக இருக்கும்.

"பொம்பளப் புள்ள மாதிரி வாயடிக்கிறான், ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு" என்று அப்பாயி சொல்வதுண்டு. நான் மறுத்து வாதாடுவதில்லை. மத்தியானம் அந்த அப்பாயியோடு திண்ணையில் உட்கார்ந்து, அவர் ஊர்க் கிணற்றில் எத்தனை படி இருந்தது, பாம்பு வந்தால் என்ன செய்தார்கள் என்று ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பவன் அதே பையன்தான். அந்த நேரத்தில் அப்பாயி அவன் வாயைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இன்றைக்கு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் தாள் மூத்தவன் கையெழுத்தில் இருக்கிறது: "தோசைக்கு ஏன் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை?" எட்டரைக்குள் கல்லைக் காயவைக்க வேண்டும். மாவு இன்னும் பொங்கவில்லை.